கடலின் பழைய வெப்பக் கணக்கைத் திருத்தியது ஏன்?

"கடல் வெப்பம் மீண்டும் உச்சம்" என்ற செய்தி இப்போதெல்லாம் ஆண்டுத் தொடக்கத்தில் தவறாமல் வருகிறது. 2023, 2024 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் மேல் 2000 மீட்டர் கடலில் சேர்ந்திருக்கும் வெப்பம் முந்தைய பதிவுகளைத் தாண்டியது. மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்துக்காரர்கள் இதைக் கவனிக்கக் காரணம் உண்டு. பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ வந்து மழை தவறினால் செம்பனையில் அதன் அடி உடனே தெரியாது. ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை கழித்துக் குலை குறையும்போதுதான் தெரியும். அந்த எல் நினோவின் முதல் அறிகுறியோ கடலின் மேற்பரப்பில் தெரிவதற்கு முன்பே ஆழத்தில் தெரிந்துவிடுகிறது.

கூடவே புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் இன்னொரு தகவலும் சுற்றுகிறது: "கப்பல்கள் அளந்த பழைய கடல் வெப்ப எண்களை விஞ்ஞானிகள் மாற்றிவிட்டார்கள்." மாற்றியது உண்மைதான். எதை, எவ்வளவு, எந்தத் திசையில் மாற்றினார்கள் என்பதை மட்டும் அந்தத் தகவல் சொல்வதில்லை. சுருக்கமாகச் சொன்னால், வழக்கின் பெரும்பகுதி ஆழத்தைப் பற்றியது. எத்தனை டிகிரி என்பதைக் கப்பல்கள் ஓரளவு ஒழுங்காகவே அளந்தன. அது எத்தனையாவது மீட்டரில் என்பதைத்தான் பிசகாக எழுதிவைத்தன.

## ஆழம் பிசகினால் வெப்பம் எப்படிப் பிசகும்?

வெப்ப மண்டலக் கடலின் மேற்பகுதியைக் காற்றும் அலையும் கலக்கிக்கொண்டே இருப்பதால் அங்கே வெப்பம் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும். இது கலப்பு அடுக்கு. அதற்குக் கீழே வெப்பம் சட்டென்று சரியும் பகுதி வெப்பச்சரிவு அடுக்கு. அதற்கும் கீழே குளிர்ந்த நீர். அங்கே மாற்றம் மிக மெதுவாக நடக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு. 100 மீட்டரில் 28 டிகிரி செல்சியஸ், 200 மீட்டரில் 15 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். இடைப்பட்ட பகுதியில் ஒரு மீட்டருக்கு 0.13 டிகிரி குறைகிறது. இங்கே ஆழத்தை 5 மீட்டர் தவறாக எழுதினால் வெப்பத்தில் 0.65 டிகிரி பிழை விழும். அதே 5 மீட்டர் தவறு 30 மீட்டர் ஆழத்தில் நேர்ந்தால் ஒன்றும் ஆகாது; 700 மீட்டரில் நேர்ந்தால் அற்பம். ஆக, பிழை வெப்பச்சரிவு அடுக்கில்தான் குவிகிறது. எல் நினோவை முன்கூட்டி அறிய விரும்புவோர் கண் வைத்திருப்பதும் பசிபிக்கின் அதே அடுக்கின் மீதுதான்.

தேடுகிற மாற்றமோ மிகச் சிறியது. புவி கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் வெப்பத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் கடலுக்குள் போகிறது. ஆனாலும் கடல் மிகப் பெரியது என்பதால், பல பத்தாண்டுகளில் மேல் 700 மீட்டரின் சராசரி ஏறியது சில பத்தில் ஒரு டிகிரிதான். இந்த அளவு நுட்பம் கேட்கும் வேலைக்கு 0.1 டிகிரி பிழை பெரும்பிழை.

## கயிற்றில் இறக்கிய வெப்பமானி

பிரிட்டனின் சேலஞ்சர் கப்பல் 1872 டிசம்பர் முதல் 1876 மே வரை உலகைச் சுற்றி வந்தது. அது பயன்படுத்தியவை, இறங்கிய வழியில் கண்ட மிகக் குறைந்த வெப்பத்தைக் குறித்து வைக்கும் வெப்பமானிகள். சணல் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். இதில் மூன்று குறைகள் இருந்தன.

1. கீழே போகப் போகக் குளிர்ச்சி கூடும் என்ற அனுமானம் பொய்த்த இடத்தில், கருவி காட்டுவது இறங்கிய ஆழத்தின் வெப்பம் அல்ல. வழியில் எங்கோ கண்ட குளிர்ச்சி.
2. நீரழுத்தம் குமிழை நெருக்கி அளவை உயர்த்தும். இதற்காகவே வெளிக்குமிழ் ஒன்று சேர்த்திருந்தார்கள். அப்படியும் சிறிது மிச்சம் இருந்தது.
3. நீரோட்டத்தில் கயிறு சாய்ந்தால், விட்ட கயிற்றின் நீளம் ஆழத்தைவிடக் கூடுதலாக இருக்கும். 500 மீட்டர் என்று எழுதிய அளவு உண்மையில் 480 மீட்டருடையதாக இருக்கலாம்.

இரண்டாவதும் மூன்றாவதும் பழைய கடலை இருந்ததைவிடச் சூடாகக் காட்டும் பிழைகள். 2012-இல் வெளியான ஆய்வு ஒன்று, சேலஞ்சர் அளந்த 270-க்கும் மேற்பட்ட இடங்களை தானாகவே ஆழத்துக்கு இறங்கி ஏறி அளக்கும் இன்றைய ஆர்கோ மிதவைகளின் அளவோடு ஒப்பிட்டது. மேல் 700 மீட்டரில் சராசரியாக 0.33 டிகிரி ஏறியிருந்தது. பழைய அளவு சூடான பக்கம் சாய்ந்தது என்பதால், உண்மையான ஏற்றம் இதற்குக் குறைவாக இருக்க வாய்ப்பில்லை என்று கொள்ளலாம்.

## தலைகீழாகக் கவிழும் வெப்பமானி

1874-இல் லண்டனின் நெக்ரெட்டி–சாம்ப்ரா நிறுவனம் கொண்டுவந்த கவிழ் வெப்பமானி அடுத்த நூறாண்டுக்கு அளவுகோலாக நின்றது. அதன் பாதரசக் குழாயில் ஓரிடம் குறுகியிருக்கும். கருவியைத் தலைகீழாகக் கவிழ்த்தால் அந்த இடத்தில் பாதரசம் அறுந்து, அந்த நொடியின் வெப்பம் அப்படியே சிறைபட்டுவிடும். மேலே இழுத்து வரும்போது சூடான நீரைக் கடந்தாலும் அளவு மாறாது. நான்சன் குடுவை எனப்படும் நீர் எடுக்கும் உலோகக் குழாயில் இதைப் பொருத்தி இறக்குவார்கள். 5 முதல் 10 நிமிடம் காத்திருந்து, கம்பி வழியே ஓர் எடையை நழுவவிடுவார்கள். அது போய் முட்டியதும் குடுவை கவிழும்.

இதன் உண்மையான சாமர்த்தியம் ஆழத்தைக் கண்டுபிடித்த முறை. ஒரே குடுவையில் இரண்டு வெப்பமானிகள். ஒன்று கெட்டியான கண்ணாடிக் கவசத்துக்குள் இருக்கும். அழுத்தம் அதைத் தொடாது. மற்றதற்குக் கவசம் இல்லை. ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஏறத்தாழ 1 டிகிரி கூடுதலாகக் காட்டும். கவசம் உள்ளது 10.0, இல்லாதது 17.5 என்றால், குடுவை கவிழ்ந்தது சுமார் 750 மீட்டரில். கம்பி 820 மீட்டர் விட்டிருந்தாலும் கவலையில்லை. வெப்பத்தில் நூற்றில் ஓரிரு டிகிரி நுட்பம் கிடைத்தது.

குறை ஒன்றே, ஆனால் பெரியது: கப்பல் நிற்க வேண்டும், மணிக்கணக்கில். ஆய்வுக் கப்பலால் மட்டுமே அது முடியும். அதனால் இந்த அளவுகள் நம்பகமானவை, ஆனால் அரிதானவை. தென் அரைக்கோளத்தில் மிக அரிதானவை.

## புகை படிந்த கண்ணாடி

1930-களின் பிற்பகுதியில் ஆதெல்ஸ்டன் ஸ்பில்ஹாஸ் உருவாக்கிய இயந்திர பாத்திதெர்மோகிராஃப், ஓடும் கப்பலிலிருந்தே இறக்கக்கூடியது. பித்தளை உடலுக்குள், சைலீன் திரவம் நிரம்பிய மெல்லிய செம்புக் குழாய் வெப்பத்துக்கு ஏற்ப ஓர் ஊசியை நகர்த்தும். நீரழுத்தம் ஒரு கண்ணாடித் தகட்டை நகர்த்தும். புகை படிந்த தகட்டில் ஊசி கீறிய கோடே ஆழத்துக்கு எதிரான வெப்ப வரைபடம். இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடுவதற்கு இது பரவலாகப் பயன்பட்டது. வெப்பச்சரிவு அடுக்கில் ஒலி வளைந்துபோவதால், எங்கே ஒளிந்திருக்கலாம் என்பது அந்த அடுக்கின் ஆழத்தைப் பொறுத்தது.

ஆழ எல்லை 300 மீட்டருக்கும் குறைவு. ஒவ்வொரு கருவிக்கும் தனியான அளவுக் கட்டம் உண்டு. வேறு கருவியின் கட்டத்தை வைத்துப் படித்தால் எல்லா எண்ணும் பிழை. கப்பலின் பக்கத்தில் ஒருமுறை பலமாக இடித்தாலே அளவு நகர்ந்துவிடும். இவற்றின் அளவுகளும் பின்னாளில் திருத்தத்துக்கு உள்ளாயின.

## எக்ஸ்பிடி: திரும்பி வராத கருவி

1960-களில் அமெரிக்காவின் சிப்பிகன் நிறுவனம் கொண்டுவந்த எக்ஸ்பிடி, ஒருமுறை எறிந்தால் முடிந்துபோகும் கருவி. முனையில் துத்தநாகக் கனம், அதன் துளைக்குள் வெப்பத்தை உணரும் தெர்மிஸ்டர், பின்னால் வால் துடுப்புள்ள பிளாஸ்டிக் உடல். மெல்லிய செம்புக் கம்பி இரண்டு சுருள்களில் இருக்கும். ஒன்று கருவிக்குள், மற்றது கப்பலில் உள்ள குழலுக்குள். இரண்டும் ஒரே நேரத்தில் அவிழ்வதால், கப்பல் ஓட ஓடக் கருவி நேராகக் கீழே விழும். சரக்குக் கப்பல் மாலுமிகளாலும் செய்ய முடிந்த வேலை இது. 1970-களிலிருந்து ஆர்கோ வரும்வரை கடல் மேற்பரப்புக்குக் கீழே எடுத்த வெப்பப் பதிவுகளில் பெரும்பங்கு இதனுடையது.

எறியும் முறை:

1. குழலை நிழலில், கடலின் வெப்பத்துக்கு நெருக்கமான இடத்தில் வைத்திருக்க வேண்டும். வெயிலில் சுட்ட கருவி முதல் சில மீட்டர்களைக் கெடுக்கும்.
2. ஏவியில் பொருத்தியதும் மின்தொடர்பைச் சோதிக்க வேண்டும். உப்புப் பூத்த ஊசிமுனை தவறான மின்தடையைக் காட்டும்.
3. காற்று கம்பியைக் கப்பலை விட்டு வெளியே தள்ளும் பக்கமாகப் பின்தளத்தில் நிற்க வேண்டும்.
4. பூட்டூசியை உருவிக் கருவியைத் தன் கனத்திலேயே விழவிட வேண்டும், வீசக் கூடாது. கடல்நீர் பட்டதும் மின்சுற்று மூடி, கடிகாரம் ஓடத் தொடங்கும்.
5. பதிவு முடியும்வரை காத்திருந்து கம்பியை அறுக்க வேண்டும். 760 மீட்டர் போகும் டி-7 வகைக்கு ஏறத்தாழ இரண்டு நிமிடம். அந்த வகைக்குக் கப்பலின் வேகம் 15 நாட்டுக்கு (நாட்டு: மணிக்கு ஒரு கடல் மைல்) மேல் போகக் கூடாது. போனால், கருவி ஆழம் சேரும் முன்பே கப்பல்பக்கச் சுருள் தீர்ந்துவிடும். 460 மீட்டர் மட்டுமே போகும் டி-4 வகை 30 நாட்டு வரை தாங்கும்.

பிழைகள் பெரும்பாலும் வரைபடத்திலேயே தெரிந்துவிடும். கம்பியின் பூச்சு கப்பலில் உரசிச் சிராய்த்தால் மின்சாரம் கடல்நீரில் கசியும், மின்தடை குறையும். வெப்பம் கூடினால் தெர்மிஸ்டரின் தடை குறையும் என்பதால், கசிவைக் கருவி "சூடு" என்று படிக்கும். ஆழத்தில் திடீரென ஒரு சூட்டுக் குதிப்பு தெரிந்தால் முதலில் கம்பியைத்தான் சந்தேகிக்க வேண்டும். கசிவு மிகச் சிறிதாக இருந்தால் குதிப்புக்குப் பதில் மெல்லிய சாய்வு வரும். கண்ணுக்குத் தப்பிவிடும், அதனால் இதுவே ஆபத்தானது. கம்பி அறுந்தால் கோடு அளவின் விளிம்புக்கு ஓடிவிடும். கடலடியில் மோதினால் வெப்பம் மாறாத நேர்க்கோடு. முதல் நாலு மீட்டரை வழக்கமாகவே தள்ளிவிடுவார்கள்.

## கருவியில் இல்லாத ஆழமானி

மேலே சொன்ன பாகங்களில் அழுத்தமானி இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். எக்ஸ்பிடி ஆழத்தை அளப்பதே இல்லை, நேரத்தைத்தான் அளக்கிறது. விழத் தொடங்கி எத்தனை விநாடி ஆயிற்று என்பதை வைத்து ஆழம் கணக்கிடப்படுகிறது. நிறுவனம் கொடுத்த சமன்பாடு:

ஆழம் = 6.472 × நேரம் − 0.00216 × நேரம் × நேரம்

கருவியின் கம்பி அவிழ அவிழ அதன் கனம் குறைந்து வேகம் தணிவதால்தான் அந்தக் கழித்தல். விழும் வேகம் சமன்பாடு சொல்வதுபோல் இல்லை என்று 1970-களிலேயே சிலர் கண்டார்கள். 1995-இல் பன்னாட்டுக் குழு ஒன்று, அழுத்தமானி உள்ள சிடிடி கருவியை எக்ஸ்பிடியோடு ஒரே இடத்தில் இறக்கிப் பார்த்த பதிவுகளைத் திரட்டி, முதல் எண்ணை 6.691 என்றும் இரண்டாவதை 0.00225 என்றும் மாற்றியது. வித்தியாசத்தைப் போட்டுப் பாருங்கள்:

- 24 விநாடியில்: பழையது 154 மீட்டர், புதியது 159 மீட்டர்.
- 60 விநாடியில்: 381, 393.
- 120 விநாடியில்: 746, 771.

கருவி நினைத்ததைவிட வேகமாக விழுந்திருக்கிறது. எழுதிவைத்த ஆழத்தை 1.0336-ஆல் பெருக்கினால் போதும் என்ற எளிய வழியும் வந்தது. வெப்பச்சரிவு அடுக்கில் அந்த 5 மீட்டருக்கு என்ன விலை என்று முன்பே பார்த்தோம்.

## ஒன்றையொன்று மறைத்த பிழைகள்

இதோடு முடிந்திருந்தால் நல்லது. வேகமாக விழுந்த கருவி, 159 மீட்டரின் குளிர்ந்த நீரை 154 என்று எழுதும்; அதாவது கடலைக் குளிராகக் காட்டும். ஆனால் 2007-இல் கூரெட்ஸ்கியும் கோல்டர்மனும் எல்லாக் கருவிகளின் பதிவுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, எக்ஸ்பிடி ஒட்டுமொத்தமாகக் கடலைச் சூடாகக் காட்டியது தெரிந்தது. அந்தச் சூடும் ஆண்டுக்கு ஆண்டு மாறியது. 1970-களில் மிக அதிகம்.

காரணம் ஒன்றல்ல. விழும் வேகம் எல்லா ஆண்டுத் தயாரிப்புக்கும் ஒன்றாக இல்லை. குளிர்நீரின் பிசுபிசுப்பு அதிகம் என்பதால் துருவப் பக்கம் மெதுவாகவும் வெப்ப மண்டலத்தில் வேகமாகவும் விழுகிறது. அதற்கு மேல், ஆழத்தோடு தொடர்பில்லாத தனி வெப்பப் பிழையும் இருந்தது; காகிதச் சுருளில் கோடு கீறிய பழைய பதிப்பான்களின் காலத்தில் அது கூடுதல். ஒரு பிழை குளிரின் பக்கமும் மற்றது சூட்டின் பக்கமும் இழுத்ததால், சராசரியை மட்டும் பார்த்தவர்களுக்கு நெடுங்காலம் இரண்டுமே தெரியவில்லை.

இதன் விளைவுகள் சிறியவை அல்ல. பழைய வரைபடங்களில் 1970-களில் கடல் சூடேறிப் பிறகு தணிந்ததுபோல் ஒரு மேடு இருந்தது. எந்தக் காலநிலை மாதிரியாலும் அதை விளக்க முடியவில்லை. திருத்தம் செய்ததும் மேட்டின் பெரும்பகுதி கரைந்தது. நடுவில் இருந்த மேடு போனதால் 1961 முதல் 2003 வரையிலான நெடுங்கால ஏற்றம் முன்பு கணித்ததைவிடக் கூடியது. புலனத் தகவல் பிடித்துக்கொண்டது இந்த ஒன்றைத்தான்.

மற்றொரு திசையிலும் திருத்தம் நடந்ததை அது விட்டுவிடுகிறது. கித்தான் வாளியில் கடல்நீரை முகந்து அளந்த பழைய மேற்பரப்பு அளவுகளில், வாளி தளத்துக்கு வருவதற்குள் நீர் ஆவியாகிக் குளிர்ந்துவிடும். அவற்றைத் திருத்தியபோது பழைய கடல் இன்னும் சூடானதாக ஆனது. நூற்றாண்டின் ஏற்றம் குறைந்தது. விரும்பிய திசைக்கு எண்களைத் தள்ளுபவர்கள் இந்தத் திருத்தத்தைச் செய்திருக்க மாட்டார்கள்.

2006-இல் வெளியான ஓர் ஆய்வு, 2003 முதல் 2005 வரை மேல்கடல் குளிர்ந்ததாகச் சொல்லிப் பரபரப்பானது. பிறகு இரண்டு குறைகள் வெளிப்பட்டன. ஆர்கோ மிதவைகளில் ஒரு தொகுதி, அழுத்த அளவைத் தவறான நிலையோடு பொருத்தியதால் குளிராகக் காட்டியது. அதே நேரத்தில் சூடாகக் காட்டும் எக்ஸ்பிடிகளின் பங்கு குறைந்து ஆர்கோவின் பங்கு கூடிக்கொண்டிருந்தது. கருவி மாறியதைக் கடல் குளிர்ந்ததாகப் படித்துவிட்டார்கள். அடுத்த ஆண்டே ஆய்வாளர்கள் அதைத் திருத்தினார்கள்.

## திருத்துவோர் செய்வது என்ன?

தோட்ட ஆபீசில் அன்றாடம் மழை அளந்து எழுதும் புத்தகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆண்டில் மழைமானியை மரத்தடிக்கு மாற்றி வைத்து, அதைப் புத்தகத்தில் எழுதாமல் விட்டால், அந்த ஆண்டிலிருந்து மழை குறைந்ததாகவே படும். பக்கத்துத் தோட்டத்துப் புத்தகத்தோடு ஒப்பிட்டால்தான் உண்மை வரும். கடலில் அந்தப் பக்கத்துத் தோட்டம், நின்ற கப்பல்கள் எடுத்த நான்சன் குடுவை, சிடிடி அளவுகள்.

வேலையின் கடினம் கணிதத்தைவிடக் குறிப்புகளில்தான் இருக்கிறது. பழைய எக்ஸ்பிடி பதிவுகளில் கணிசமான பங்குக்கு எந்த வகைக் கருவி என்ற குறிப்பே இல்லை. பதிவான ஆழத்தையும் கப்பல் எந்த தேசத்துடையது என்பதையும் வைத்து ஊகிக்க வேண்டியிருக்கிறது. 1995-க்குப் பிறகு இன்னொரு குழப்பம்: சில கப்பல்கள் புதிய சமன்பாட்டுக்கு மாறின, சில மாறவில்லை, எதைப் பயன்படுத்தினோம் என்று பலர் எழுதவில்லை. ஏற்கெனவே திருத்திய ஆழத்தை மறுபடி 1.0336-ஆல் பெருக்கினால் பிழை எதிர்த்திசையில் பிறக்கும். வெவ்வேறு ஆய்வுக் குழுக்களின் வரைபடங்கள் சிறிது வேறுபடுவதற்கு இது ஒரு காரணம். அசல் எண்களை அழிப்பதில்லை. திருத்தம் அவற்றின் மேல் தனியாகப் போடப்படுகிறது.

## நம் பக்கத்துக் கடல்

கிள்ளானுக்கு எதிரே மலாக்கா நீரிணையில் எக்ஸ்பிடியை எறிந்தால் பயன் சொற்பம். 80 மீட்டர் ஆழம் என்றால் பன்னிரண்டு விநாடி சொச்சத்தில் அடியில் மோதிவிடும். பேராக்கில் மழை தவறுமா என்பதற்கான தடயம் பசிபிக்கின் நடுக்கோட்டுப் பகுதியில், 100 முதல் 200 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. 1982-இல் உருவான பெரிய எல் நினோவை உலகம் தாமதமாகத்தான் உணர்ந்தது. அந்த ஆண்டு மார்ச் இறுதியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் வெடித்த மெக்சிகோவின் எல் சிச்சோன் எரிமலைத் துகள்கள் செயற்கைக்கோளின் கண்ணை ஏமாற்றி, கடல் மேற்பரப்பைக் குளிராகக் காட்டியதும் அதற்கு ஒரு காரணம். 1985-இல் தொடங்கிய பத்தாண்டுப் பன்னாட்டுத் திட்டம், நடுக்கோட்டில் நங்கூர மிதவைகளை அமைத்ததோடு சரக்குக் கப்பல்களின் எக்ஸ்பிடி வழித்தடங்களையும் விரிவாக்கியது.

அப்படிப்பட்ட தடங்களில் நமக்கு அருகில் இருக்கும் ஒன்று, ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமேன்டிலிலிருந்து சுமத்ராவுக்கும் ஜாவாவுக்கும் இடைப்பட்ட சுண்டா நீரிணை வரை செல்லும் தடம். 1980-களிலிருந்து நடக்கிறது. பசிபிக்கிலிருந்து இந்தோனேசியத் தீவுகள் ஊடே இந்தியப் பெருங்கடலுக்குப் பாயும் நீரின் அளவைக் கணிக்க இது உதவுகிறது.

2007 நவம்பரில் 3000 மிதவைகளை எட்டிய ஆர்கோ, பத்து நாளுக்கு ஒருமுறை 2000 மீட்டர் வரை இறங்கி, அழுத்தத்தையும் சேர்த்தே அளந்து மேலே வருகிறது. ஆனால் 1000 மீட்டர் ஆழத்தில் மிதந்து திரியும் கருவி மலாயா, சுமத்ரா, போர்னியோ இடையிலான ஆழமற்ற சுண்டா திட்டுக் கடலுக்குள் நுழைய முடியாது. ஒரே கோட்டில் திரும்பத் திரும்ப அளக்கவும் அதனால் ஆகாது. அதனால் சில தடங்களில் எக்ஸ்பிடி எறிவது இன்றும் தொடர்கிறது. இப்போது கருவியின் வகை, தொடர் எண், தயாரிப்புத் தேதி, எறிந்த தளத்தின் உயரம், பயன்படுத்திய சமன்பாடு ஆகியவற்றையும் வெப்பத்தோடு சேர்த்தே எழுதிவைக்கச் சொல்கிறார்கள்.